ஆறு வாரக் கழுத்து

பெரியவளுக்கு வாய் திறக்க மாட்டேன் என்கிறது என்று தெரிந்த அன்றைக்குப் பட்டறையில் முதலில் சிரித்தவர் பஞ்சுக்காரர்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மிஷின் சத்தம், சுத்தியல் சத்தம், தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம், இத்தனையையும் தாண்டிக் கேட்கிற வாய் அது. அந்த வாய்க்கு ஒரு பூட்டு விழுந்தது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"நல்லதா போச்சும்மா. நாலு நாள் காதுக்கு லீவு" என்றார்.

"உங்க வாய்ல இடி விழ" என்று பெரியவள் பல்லுக்குள்ளேயே சொன்னாள். அது வெளியே சரியாக வரவில்லை. அதற்கும் சேர்த்துச் சிரித்தார் மனுஷன்.

சோபாவுக்கு உறை தைக்கிற பட்டறை அது. அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து நடத்தினார்கள். அண்ணன் ஆர்டர் பிடிப்பான், மரச்சட்டத்தில் ஆணி அடிப்பான். தம்பி வேன் ஓட்டிச் சரக்கு ஏற்றி இறக்குவான். பஞ்சுக்காரர் பஞ்சும் ஸ்பாஞ்சும் அடைப்பவர், வேலைக்கு வந்து இருபது வருஷம். துணி வெட்டுவது அண்ணன் மனைவி பெரியவள். தைப்பது தம்பி மனைவி சின்னவள். கீழே பட்டறை, மாடியில் இரண்டு குடித்தனம், நடுவில் ஒரே படிக்கட்டு.

பத்தொன்பது வருஷமாக வெட்டு மேசை பெரியவளுடையது. துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, கோட்டின் மேல் குண்டூசி குத்தி, கத்தரியை ஓட்டுவாள். குண்டூசியை எடுக்க ஒவ்வொரு தடவையும் டப்பாவுக்குக் கை போனால் வேலை ஓடாது. அதனால் பதினைந்து இருபது ஊசியை இடது பக்கக் கடைவாயில் கடித்து வைத்துக்கொள்வாள். நூலையும் பல்லால்தான் கடிப்பாள். தலை எப்போதும் குனிந்தே இருக்கும், மேசை அவளுடைய உயரத்துக்குத் தாழ்வு. நல்ல வளர்த்தி அவள். மூன்று வருஷமாகப் பிடரி வலி. தலையணையை மாற்றினாள், தைலம் தேய்த்தாள், மாத்திரை விழுங்கினாள். பிறகு வலி காதுக்குக் கீழே இறங்கியது. பல்வலி என்று நினைத்து ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டும் வந்தாள். பல் போனது, வலி போகவில்லை. கடைசியில் ஒரு நாள் கொட்டாவி விட்டாள், காதோரம் டக்கென்று ஒரு சத்தம், அதோடு வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. சோற்றைக் குழைத்து, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, பல் முளைக்காத பிள்ளை மாதிரி சாப்பிட்டாள்.

இதைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டியவள் சின்னவள். நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், மிஷினை மிதிக்கிறாள், எல்லாம் பார்க்கிறாள். கேட்கவில்லை. ஏனென்றால் இரண்டு பேருக்கும் பேச்சு நின்று பதினோரு மாதம்.

காரணம் ஒரு வெல்வெட் துணி. வெல்வெட்டை ஒரு பக்கமாகத் தடவினால் வெளுப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் கறுப்பு. எல்லாத் துண்டும் ஒரே பக்கம் பார்க்கும்படி வெட்ட வேண்டும், அதற்காகப் பின்பக்கத்தில் அம்புக்குறி போடுவார்கள். ஒரு வீட்டுக்குப் போன சோபாவில் நடு இருக்கை மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் சோபாவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "தைக்கும்போது திருப்பிப் போட்டுட்டா" என்று பெரியவள் சின்னவளைக் கை காட்டினாள். சின்னவள் எழுந்து வந்து, வந்தவர் முன்னாலேயே சொன்னாள்: "நான் திருப்பல. அக்காவுக்குக் கண்ணும் போச்சு, கழுத்தும் போச்சு. மேசையை விட்டு எறங்குனா நல்லது."

அவ்வளவுதான்.

பெரியவளுக்குத் தெரியும், திருப்பி வெட்டியது அவள்தான். அன்றைக்குக் கழுத்து வலப்பக்கம் திரும்பவே இல்லை, அம்புக்குறியைப் பார்க்காமல் கை நினைவிலேயே வெட்டிவிட்டாள். தெரிந்துதான் சின்னவள் மேல் பழி போட்டாள். பழி போட்டதுகூட மனசில் உறுத்தவில்லை, மேசையை விட்டு இறங்கு என்று சொன்னாளே, அதுதான் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. 'நேத்து வந்தவ, என்னை எறங்கச் சொல்றா.' நேற்று என்பது ஒன்பது வருஷம்.

அன்றிலிருந்து பஞ்சுக்காரர்தான் தபால்காரர்.

"பஞ்சுக்காரரே, கைப்பிடித் துண்டு எட்டு வெட்டியாச்சுன்னு சொல்லுங்க" என்பாள் பெரியவள், நாலடியில் இருப்பவளைப் பார்க்காமல்.

"எட்டு வெட்டியாச்சாம்மா" என்பார் அவர்.

"எட்டுல ஒண்ணு அரை அங்குலம் கம்மின்னு சொல்லுங்க" என்பாள் சின்னவள்.

"அருமையா வந்திருக்காம்."

"நான் அப்படிச் சொல்லல" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "எனக்கும் காது இருக்கு" என்று இந்தப் பக்கத்திலிருந்து வரும். பஞ்சுக்காரர் ஸ்பாஞ்சுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்.

பல் டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் பல்லில் ஒன்றுமில்லை என்று சொல்லி, உடற்பயிற்சி கொடுத்தே வலியைத் தீர்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. நான்கு கட்டில், நடுவில் பச்சைத் திரை, மேசை மேல் பிளாஸ்டிக்கில் ஒரு மண்டையோடு. டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். சிரிப்பு என்பதே அந்த முகத்தில் கிடையாது.

"வாயைத் திறங்க. விரலை மேல மேல அடுக்கி உள்ள விடுங்க. எத்தனை போகுது?"

"ரெண்டு."

"மூணு போகணும். என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னாள். குண்டூசியைச் சொன்னபோது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பத்தொன்பது வருஷமா ஊசியைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. ராத்திரியும் பல்லைக் கடிப்பீங்களே?"

"அவர் சொல்வாரு, நறநறன்னு கேக்குதுன்னு."

"யார் மேல கோவம்?"

பெரியவள் பச்சைத் திரையைப் பார்த்தாள். டாக்டரம்மா அந்த மண்டையோட்டை எடுத்து மேசை விளிம்பில் வைத்தாள். "உங்க தலை அஞ்சு கிலோ. கழுத்துக்கு மேல நேரா இருந்தா கழுத்து தாங்கிக்கும். இப்படி முன்னாடி நீட்டிக்கிட்டு நின்னா பிடரிதான் இழுத்துப் பிடிக்கணும். பிடரி இழுத்தா தாடையும் இழுபடும். கழுத்தை விட்டுட்டுத் தாடையை மட்டும் சரி பண்ண முடியாது."

"மாத்திரை ஏதாவது…"

"மாத்திரை வேணும்னா மருந்துக் கடைக்குப் போங்க. இங்க ஏன் வந்தீங்க?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் தன்னைவிடக் கோபக்காரி ஒருத்தியைப் பார்த்ததில் ஏதோ ஒரு மரியாதையும் வந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டாள்.

பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாள். உதடு ஒட்டியிருக்கலாம், பல்லும் பல்லும் ஒட்டக்கூடாது. நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்து, அதை எடுக்காமலே வாயை மெதுவாகத் திறந்து மூட வேண்டும். கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும், தாடை கோணாமல் நேராக இறங்குகிறதா என்று. நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை அசையாமல் அழுத்தி ஆறு எண்ண வேண்டும். பிறகு மோவாயைப் பின்னால் இழுக்க வேண்டும்.

"குனியக் கூடாது. அப்படியே பின்னாடி. பிடிக்காத ஆள் ஒருத்தர் முகத்துக்கு நேரா வந்து நின்னா எப்படிப் பின்வாங்குவீங்க?"

"அதுக்கு எனக்கு ஆள் இருக்கு" என்றாள் பெரியவள். அந்த ஒன்றை மட்டும் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தாள்.

ஒரு நாளைக்கு ஆறு தடவை, தடவைக்கு ஆறு முறை. ஆறு வாரம். ஊசி வாய்க்குள் போகவே கூடாது. வெட்டு மேசை முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். "இதைச் செய்யலேன்னா இங்க வராதீங்க. என் நேரம் வீண்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் புருஷன்காரன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"நாக்கை மேல வச்சு வாயைத் திறக்குறதுக்கு டாக்டரு. கேக்கவே நல்லாருக்கு. நான் சொன்னா செய்வியா?"

"நீங்க சொன்னா வாயை மூடுன்னுதான சொல்வீங்க."

"இங்க பாரு, விளையாட்டு இல்ல. நாடக அரங்கத்துக்கு இருநூத்தி நாப்பது இருக்கை. அடுத்த மாசம் ரெண்டாவது திங்கக்கிழமை வெட்டு ஆரம்பிக்கணும். சரியா ஆறு வாரம் இருக்கு. அதுக்குள்ள உன் கழுத்து சரியாச்சுன்னா மேசை உனக்கு. இல்லேன்னா அவளுக்கு. நீ மேல போய் சமையலைப் பாத்துக்க."

"பத்தொன்பது வருஷம்…"

"வருஷத்தைச் சொல்லாத. துணி தப்பாச்சுன்னா அரங்கத்துக்காரன் வருஷத்தையா பாப்பான்? அதுவரைக்கும் காலையில நீ வெட்டு, மத்தியானம் அவ வெட்டட்டும்."

சின்னவள் மிஷினை நிறுத்தியிருந்தாள். நிறுத்தியிருந்தாள் என்றால் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அர்த்தம். அவளும் அந்த மேசைக்கு ஆசைப்பட்டவள்தான், அதில் ஒளிவு மறைவு இல்லை. ஒன்பது வருஷமாக அடுத்தவள் வெட்டிப்போட்டதைத் தைத்துத் தைத்து அலுத்துப் போயிருந்தாள்.

மறுநாளே பெரியவள் நாலு அங்குல மரக்கட்டை நான்கு வாங்கி வந்து மேசைக்கால்களுக்கு அடியில் வைத்தாள். மேசை முழங்கைக்கு வந்தது. குனியாமல் வெட்ட முடிகிறதே என்று அவளுக்கே ஆச்சரியம். மத்தியானம் சின்னவள் முறை. அவள் குள்ளம். பெரியவளுக்கு முழங்கையில் இருக்கிற மேசை அவளுக்கு நெஞ்சுக்கு வந்தது. ஒரு துண்டு வெட்டிப் பார்த்தாள். பிறகு கட்டைகளை உருவி மூலையில் எறிந்தாள். அடுத்த நாள் காலை பெரியவள் மறுபடி வைத்தாள். மத்தியானம் அவள் உருவினாள். மூன்றாம் நாள் பெரியவள் பஞ்சுக்காரரைக் கூப்பிட்டாள்.

"ஆணி அடிச்சிடுங்க."

"அந்தப் பொண்ணு எப்படிம்மா நின்னு வெட்டும்? எட்டாதே."

"எட்டலேன்னா இறங்கிக்கச் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தைதான்."

பஞ்சுக்காரர் அடித்தார். அடிக்கும்போது முகம் சுளித்துக்கொண்டே அடித்தார். அன்று மத்தியானம் சின்னவள் கட்டையை உருவப் பார்த்தாள், வரவில்லை, ஆணித் தலையைப் பார்த்தாள். அப்புறம் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு வெட்டினாள். மறுநாளும் அப்படித்தான். ஒரு வார்த்தை முனகவில்லை. முனகினால் பெரியவள் ஜெயித்ததாக ஆகிவிடும்.

பட்டறைத் தூணில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி உண்டு. பெரியவள் அதற்கு முன்னால் நின்றுதான் பயிற்சி செய்தாள். முதல் வாரம் வலி அதிகமாகத்தான் ஆனது. திறந்தால் தாடை இடப்பக்கம் ஓடியது, கன்றுக்குட்டி கயிற்றை இழுக்கிற மாதிரி. ஊசிக்காகக் கை தானாகவே வாய்க்குப் போனது. மணிக்கட்டில் ஒரு சின்னப் பஞ்சு மெத்தையைக் கட்டிக்கொண்டு அதில் ஊசியைக் குத்தப் பழகினாள். இரண்டாம் வாரம் பிடரியில் ஏதோ ஒரு முடிச்சு இளகுகிற மாதிரி இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி முழுக்க முழிக்காமல் தூங்கினாள்.

அந்த மூன்றாம் வாரத்தில்தான் கண்ணாடிக்குள் அதைப் பார்த்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் நேராகத்தான் சின்னவளின் மிஷின். கண்ணாடியில் தன் முகத்துக்குப் பக்கத்தில் அவள் முகமும் தெரியும். பெரியவள் நாக்கை மேலே வைத்து வாயைத் திறந்தாள். கண்ணாடிக்குள் சின்னவளும் திறந்தாள். பெரியவள் நெற்றியில் கை வைத்தாள். அவளும் வைத்தாள்.

பெரியவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. "பஞ்சுக்காரரே! என் வியாதி சிலபேருக்குச் சிரிப்பா இருக்கான்னு கேளுங்க. அழகு காட்டுறதுக்கு வேற மூஞ்சி கிடைக்கலயான்னு கேளுங்க!"

"யாரும்மா காட்டுனா?"

"என் மூஞ்சி, நான் என்ன வேணா பண்ணுவேன்னு சொல்லுங்க" என்றாள் சின்னவள். முகம் சிவந்திருந்தது.

பஞ்சுக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். "மழை வரும்போல இருக்கு" என்றார்.

மறுநாள் பெரியவள் ஒரு சோதனை வைத்தாள். மோவாயைப் பின்னால் இழுத்து முடித்ததும், டாக்டரம்மா சொல்லாத ஒன்றைச் செய்தாள். இரண்டு காதையும் பிடித்துக் கீழே இழுத்து ஆறு எண்ணினாள். கண்ணாடிக்குள் சின்னவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டு காதையும் பிடித்து இழுத்தாள்.

'பாத்தியா! பாத்தியா அவ கொழுப்ப!' அன்று ராத்திரி புருஷனிடம் ஒரு மணி நேரம் பொரிந்தாள். "என்னைக் குரங்குன்னு நெனச்சு ஆட்டிக் காட்டுறா உங்க தம்பி பொண்டாட்டி." அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "காதை ஏன் நீ இழுத்த?" என்று மட்டும் கேட்டான். அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அதன் பிறகு தினமும் காதை இழுத்தாள், அவளும் இழுக்கிறாளா என்று பார்ப்பதற்காகவே. இழுத்தாள். பெரியவள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. மேசை கைக்கு வந்த அன்றைக்கு இதற்கெல்லாம் சேர்த்துக் கேட்கிறேன்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை டாக்டரம்மா விரலை அடுக்கச் சொன்னாள். மூன்றும் போனது. கழுத்து இரண்டு பக்கமும் தோள்வரை திரும்பியது.

"பரவாயில்ல. நிறுத்திடாதீங்க" என்றாள் டாக்டரம்மா. அவள் வாயிலிருந்து இதுவே பெரிய பாராட்டு. பெரியவள் படி இறங்கியதும் தெருவில் நின்று ஒரு ரொட்டித் துண்டை வாங்கி, பாலில் தோய்க்காமல், இரண்டு பக்கக் கடைவாயிலும் மாற்றி மாற்றிக் கடித்துத் தின்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

திங்கட்கிழமை காலை அரங்கத்துத் துணி வந்து இறங்கியது. கருஞ்சிவப்பு, நாற்பது சுருள். பெரியவள் மாடியிலிருந்து இறங்கும்போதே சின்னவள் மேசையில் நின்றிருந்தாள். முந்தின வேலையில் மிச்சமிருந்த இரண்டு துண்டை அவள் வெட்டி முடிக்க வேண்டும், அதன் பிறகுதான் அரங்கத்து வேலை. தோளைத் தூக்கிக்கொண்டு, மேசையின் அந்தப் பக்க விளிம்புக்குக் கத்தரியை நீட்டினாள்.

ஐயோ என்று ஒரு சத்தம். கத்தரி தரையில் விழுந்தது. சின்னவள் அப்படியே நின்றாள், தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது சாய்ந்தபடி. நிமிர்த்தவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. பஞ்சுக்காரர் ஓடி வந்து தோளைப் பிடிக்கப் போனார், "தொடாதீங்க, தொடாதீங்க" என்று கத்தினாள். கத்தினாள் என்பதும் பேச்சுக்குத்தான். வாய் திறக்கவே இல்லை, பல்லிடுக்கில் வந்த சத்தம் அது.

பெரியவளின் புருஷன்காரன் வந்து பார்த்தான். தம்பி வேனோடு வெளியூர் போயிருந்தான். அண்ணன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு துணிச் சுருளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி சுருளைப் பார்த்தான்.

"சரி, மேசை உனக்கு" என்றான் பெரியவளிடம். "சந்தோஷந்தான? தையலுக்கு வெளியாள் போட்டுக்கறேன். இவ மேல போய்ப் படுக்கட்டும். இனிமே மிஷினும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஒரு வீட்டுல ரெண்டு கழுத்தை வச்சுக்கிட்டு என்னால முடியாது."

இந்த நாளுக்காகத்தான் பெரியவள் ஆறு வாரம் காத்திருந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் வாயில் வரிசையாக நின்றது. "பஞ்சுக்காரரே" என்று ஆரம்பித்தாள், "நல்லா அழகு காட்டுனாங்கல்ல, அதுக்குத்தான் இதுன்னு சொல்லுங்க."

சின்னவள் சாய்ந்த தலையோடு, கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"யாரு அழகு காட்டுனா?" என்றாள், பஞ்சுக்காரரை நடுவில் விடாமல். "ரெண்டாவது வாரத்துலேருந்து எனக்குக் கழுத்து போச்சு. எல்லாம் இந்தக் கட்டையை வச்சு ஆணி அடிச்சதாலதான். சோறு மெல்ல முடியல. டாக்டர்கிட்ட போகணும்னா மாமாகிட்ட சொல்லணும், சொன்னா மேசை போயிடும். அதான் பாத்துப் பாத்துச் செஞ்சேன். நீங்க கண்ணாடியில செஞ்சதத்தான் செஞ்சேன். ஒண்ணு விடல. ஒரு நாளைக்கு ஆறு தடவை. மாடியில கதவைச் சாத்திக்கிட்டும் செஞ்சேன். காதைக்கூட இழுத்தேன்."

பஞ்சுக்காரர் திரும்பி நின்றுகொண்டார். கேலி செய்கிறவள் எதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு காதை இழுக்க வேண்டும்? ஒரு நாளைக்கு ஆறு தடவை, மூன்று வாரம். பெரியவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்ட மாதிரி இருந்தது.

"மோவாயை என்ன பண்ணுன?" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"நீங்க பண்ணுன மாதிரிதான். முன்னாடி நீட்டுனேன்."

"முன்னாடியா? அடிப் பாவி, பின்னாடிடீ!"

"கண்ணாடியில முன்னாடி பின்னாடி எப்படித் தெரியும்?" சின்னவள் அழ ஆரம்பித்தாள். அழுதால் கழுத்து குலுங்கி வலித்தது, வலித்ததால் இன்னும் அழுதாள்.

பெரியவள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் கிளம்பினாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. வழி முழுக்கத் திட்டிக்கொண்டேதான் போனாள். வாய் இல்லையா, கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா, இவ்வளவு நெஞ்சழுத்தம் எங்கிருந்து வந்தது என்று. சின்னவளும் பல்லிடுக்கில் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்: "ஆணி அடிக்கச் சொன்னது யாரு? நானா?"

டாக்டரம்மா சின்னவளைச் செய்துகாட்டச் சொன்னாள். பாதிதான் செய்ய முடிந்தது. அதற்கே டாக்டரம்மா முகம் கறுத்தது.

"ஏற்கெனவே தோள் இழுத்துக்கிட்டு நிக்குது, அதுல கழுத்தை ஆமை மாதிரி முன்னாடி நீட்டியிருக்கீங்க. நாளைக்கு முப்பத்தாறு தடவை. காது வேற. எந்த முட்டாள் சொல்லிக் குடுத்தது இதை?"

சின்னவள் வாயைத் திறக்கவில்லை. காட்டிக்கொடுத்திருக்கலாம், அந்தக் கண் ஒரு தடவை பெரியவள் பக்கம் போய் வந்தது. அவ்வளவுதான்.

"நான்தான் டாக்டர்" என்றாள் பெரியவள்.

டாக்டரம்மா பேசிய பேச்சை எழுதினால் தாள் தாங்காது. பெரியவள் தலையைக் குனியாமல் நின்று கேட்டுக்கொண்டாள். குனியத்தான் கூடாதே. இரண்டு நாள் வெந்நீர் ஒத்தடமும் ஓய்வும், மூன்றாம் நாளிலிருந்து பயிற்சி, ஆறு வாரம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். "பக்கத்துல ஒரு ஆள் நின்னு பாக்கணும். பக்கவாட்டுல நின்னு. முன்னாடி நின்னு பாத்தா ஒரு எழவும் தெரியாது."

பட்டறைக்குத் திரும்பியதும் பெரியவள் சீட்டைப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"வெளியாள் வேணாம். இவளுக்கும் ஆறு வாரம் குடுங்க."

"அரங்கத்துக்காரன்கிட்ட நீ போய்ச் சொல்றியா?"

"சொல்றேன். நான் வெட்டுறேன். நேரான தையல் எல்லாம் பஞ்சுக்காரர் போடுவாரு. பத்து நாள் தள்ளும். தள்ளட்டும். எனக்குக் குடுத்தீங்கல்ல?"

"நீ வேற, அவ வேற."

"நான் என்ன வேற? என்னோடது கழுத்து, அவளோடது கயிறா?" இந்தக் கேள்வியை அவள் கேட்ட சத்தத்துக்குத் தெருவில் ஒருவர் நின்று உள்ளே பார்த்தார். வாய் மூன்று விரலுக்கு மேலேயே திறந்திருக்கும்.

புருஷன்காரன் சுத்தியலை எடுத்துக்கொண்டு சட்டத்துப் பக்கம் போனான். போனான் என்றால் சரி என்று அர்த்தம்.

"உங்க பிச்சை எனக்கு வேணாம்க்கா" என்றாள் சின்னவள் பின்னாலிருந்து.

"யாரு போட்டா பிச்சை? ஆறு வாரம் கழிச்சு மேசைக்கு வா, நானா நீயான்னு அப்ப பாத்துக்கலாம். கழுத்து ஒடிஞ்சவகிட்ட ஜெயிச்சேன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது." பிறகு, "பஞ்சுக்காரரே, மேசைக்குப் பக்கத்துல போடுற மாதிரி நாலு அங்குலத்துக்கு ஒரு பலகை அடிங்க. குள்ளி ஏறி நிக்கறதுக்கு."

"யாரு குள்ளி?"

"அப்பாடா, நேராவே பேசிக்கிறீங்க" என்றார் பஞ்சுக்காரர். "எனக்கு இனிமே பஞ்சு வேலை மட்டுந்தான்." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரை வாயை மூடச் சொன்னார்கள்.

வெல்வெட்டைப் பற்றிப் பெரியவள் அன்றைக்கும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாள், பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பெரியவள் சின்னவளின் முக்காலியைக் காலால் தள்ளி, தன் பக்கம் காது தெரியும்படி திருப்பினாள்.

"உக்காரு. நாக்கு மேல. பல்லு மேல பல்லு படக்கூடாது. இப்பப் பின்னாடி."

சின்னவள் மோவாயை முன்னால் கொண்டு போனாள்.

"பின்னாடின்னேன்." இரண்டு விரலை அவள் மோவாயில் வைத்துப் பின்னால் தள்ளினாள். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தள்ளினாள்.

"வலிக்குதுக்கா!"

"வலிக்கட்டும். எனக்கு வலிச்சப்ப நீ கேட்டியா?"

"நீங்க ஆணி அடிச்சப்ப நான் கேட்டனா?"

"பேசுனா தாடை ஆடும். எண்ணு."

சின்னவள் ஓரக்கண்ணால் அவளை முறைத்தாள். பெரியவள் விரலை எடுக்காமல் பதிலுக்கு முறைத்தாள். "ஒண்ணு" என்றாள் சின்னவள்.